நுண்ணொதுமியும் நுனிநாக்கு ஆங்கிலமும்

"இற்றை இயற்பியலைத் தமிழில் சொல்ல ஒண்ணாது, அதற்குச் சொல்லே இல்லை" என்று மயிலையிலும் தியாகராய நகரிலும் கற்றவர் பலர் கூசாது கூறித் திரிகின்றனர். சொல் இல்லையா, சொல்ல மனம் இல்லையா? இப்பக்கத்தைப் படித்தபின் அவர்களே விடை கூறட்டும்!

'நொதுமல்' என்பது கழக நூல்களில் வழங்கும் சொல். நட்பும் பகையுமின்றி அயலாய் நிற்கும் நிலை அது. மின்னேற்றமின்றி எதனொடும் ஒட்டாது செல்லும் நியூட்ரினோவுக்கு 'நுண்ணொதுமி' என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்! ஞாயிற்றினின்று வரும் நுண்ணொதுமிகள், நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி, நம் நகமளவு இடத்தை ஊடுருவுகின்றன; நாம் உணர்வதில்லை.

ஒளி காட்டாது விண்மீன் கூட்டங்களைப் பிணித்து நிற்கும் இருட்பொருளைத் தேடி, இத்தாலியில் கிரான் சாசோ மலையடியிலும், சீனத்தில் சின்பிங் மலையடியிலும், பல டன் நீர்மச் செனானைக் கலங்களில் நிரப்பிக் காத்திருந்தனர். இருட்பொருள் துகள் செனான் அணுக்கருவை இடித்தால், கரு சற்றே பின்னிடும், சிற்றொளி தோன்றும், சில மின்னணுக்கள் விடுபடும். ஞாயிற்றில் போரான்-8 சிதைவதால் பிறக்கும் நுண்ணொதுமியும் அவ்வாறே கரு முழுவதையும் ஒருசேர இடிக்கவல்லது. இவ்வகை மோதலை 1974-இல் தானியல் பிரீடுமன் கணித்துரைத்தார். 2017-இல் அது முதன்முதல் ஆய்வில் காணப்பெற்றது. 2024-இல் அவ்விரு மலையடிக் குழுவினரும் ஞாயிற்று நுண்ணொதுமியின் அடிச்சுவட்டைக் கண்டதாக அறிவித்தனர். அது தற்செயலாய் நிகழ்ந்திருக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பும் இல்லை. எனினும் கண்டுபிடிப்பென முரசறையும் உறுதியை அன்று எட்டவில்லை. இனி இருட்பொருள் தேடுவோர்க்கு நுண்ணொதுமிகளே மூடுபனியாய் நின்று கண் மறைக்கும்.

இதில் எவ்வரி விளங்கவில்லை?

மயிலையில் அல்லாடி இராமகிருட்டிணன் தம் இல்லத்தில் நடத்திய இயற்பியல் கருத்தரங்கே, 1962-இல் கணித அறிவியல் நிறுவனமாய் மலர்ந்தது. இன்று தரமணியில் உள்ள அந்நிறுவனம், தேனி மாவட்டப் பொட்டிப்புரத்து நுண்ணொதுமி ஆய்வுக்கூடத் திட்டத்திலும் பங்கேற்றது. 2015-இல் நடுவணரசு ஏறத்தாழ 1,500 கோடி உருவாவில் ஒப்பிய திட்டம் அது. மலை குடையப்படுமே, அணைகள் என்னாகும் என்று ஊர்மக்கள் வினவினர், வழக்குகள் எழுந்தன. 2022-இல் தமிழ்நாட்டரசு, அத்திட்டம் வேண்டாவென உச்ச முறைமன்றத்தில் உரைத்தது. மலையைக் காக்க எழுந்த குரல் நேர்மையானது. அக்குரல் தமிழில் எழுந்தது. ஆய்வேடுகளோ ஆங்கிலத்தில் கிடந்தன! தன் மலையைப் பற்றிய ஏட்டைத் தானே படித்து ஏற்கவோ மறுக்கவோ உழவனுக்கு உரிமையில்லையா?

தமிழரே! மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு எதுவாயினும், அதன் முழு விளக்கம் தமிழில் வெளிவருதல் வேண்டும். மேனிலைப் பள்ளி முதல் ஆய்வுப் பட்டம் வரை அறிவியலைத் தமிழில் கற்க வழி திறத்தல் வேண்டும். அதுவரை, நம் மண்ணில் நடக்கும் அறிவியலுக்கு நாமே நொதுமலர்!