சொந்தக்காரர் இல்லாத பெட்டி



விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ரயில் நிலையத்தில் ஓர் அறிவிப்பு கேட்டிருப்பீர்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், போலீசாரிடம் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் முறுக்கு தின்றுகொண்டே இருப்போம்! இந்த அறிவிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா?

1984 ஆகஸ்ட் 2-ம் தேதி. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்தில் போவதற்காக ஒருவர் இரண்டு பெட்டிகளை ஒப்படைத்தார். ஆனால், அவர் விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டிகள் முனையத்திலேயே தங்கிவிட்டன. குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் அவை நேரத்தோடு அகற்றப்படவில்லை. அன்றிரவே வெடித்து, 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள்.

மறு ஆண்டு, 1985 ஜூன் 23. கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 329 பேரும் பலி. அங்கேயும் அதே கதைதான். பெட்டி ஏறியது, பெட்டிக்காரர் ஏறவில்லை. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் அந்த விதி இறுகியது. பெட்டி போட்டவர் ஏறவில்லை என்றால், அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் புறப்பட வேண்டும். யாரோ ஒரு மாமா காபிக் கடையில் அரட்டை அடித்துக்கொண்டு நின்றுவிட்டால், அத்தனை பேரும் உள்ளே காத்திருப்பது இதனால்தான்.

விமான நிலையத்துக்கு வாசல்கள் கொஞ்சம். பூட்டலாம், சோதிக்கலாம். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அப்படியா? சந்தை மாதிரி நாலா பக்கமும் திறந்து கிடக்கும். 2014 மே 1-ம் தேதி காலை சென்னை சென்ட்ரலில் நின்ற குவாஹாட்டி ரயிலில் இரண்டு குண்டுகள் வெடித்தன. ஓர் இளம்பெண் இறந்தார், 14 பேர் காயமடைந்தார்கள். அந்தப் பெண் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர், அவ்வளவுதான். யாருக்கு என்ன தீங்கு செய்தார்?

லண்டனில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. 1991 பிப்ரவரியில் விக்டோரியா ரயில் நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து ஒருவர் இறந்தார். உடனே நிலையங்களில் இருந்த குப்பைத் தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். குப்பையை எங்கே போடுவது? பிற்பாடு, ஒரு வளையத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையை மாட்டினார்கள். உள்ளே என்ன கிடக்கிறது என்று போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரியும். செலவு குறைவு, பலன் அதிகம்!

பையை உள்ளே தள்ளுகிறோமே, அந்த எக்ஸ்ரே இயந்திரத்தின் திரையில் இரும்பு நீலமாகத் தெரியும். உங்கள் இட்லி ஆரஞ்சு நிறமாகத் தெரியும். வெடிமருந்தும் பெரும்பாலும் ஆரஞ்சுதான்! அதனால்தான் திரையைப் பார்ப்பவர் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சில இடங்களில் இயந்திரம் பாட்டுக்குக் 'கீ கீ' என்கிறது, ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அது சோதனை இல்லை, சடங்கு. மோப்ப நாய் அப்படி ஏமாற்றாது. வெடிமருந்து வாசனை பட்டால் குரைக்காமல், பொருளைத் தொடாமல், அப்படியே உட்கார்ந்துவிடும். அதற்கு அந்தப் பயிற்சி.

நீங்கள் ஒரு அநாதைப் பையைப் பார்த்தால்? தொடாதீர்கள், உதைக்காதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். விலகி நின்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். பஸ் என்றால் கண்டக்டர், ரயில் என்றால் போலீஸ் அல்லது 139. எங்கே இருந்தாலும் 112.

ஒன்றை மறக்காதீர்கள். சந்தேகம் பையின் மேல்தான், மனிதர் மேல் அல்ல. தாடி வைத்திருக்கிறார், புரியாத மொழி பேசுகிறார் என்று ஒருவரைக் கள்ளனைப் போலப் பார்ப்பது அநியாயம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால், காலடியில் கிடக்கும் பை கண்ணில் படாது.

இன்னொரு கெட்ட பழக்கம் பரவுகிறது. 2025 ஜனவரியில், டெல்லிப் பள்ளிகளுக்குக் குண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பியதாக ஒரு பிளஸ் டூ மாணவரைப் போலீசார் பிடித்தார்கள். தேர்வு நடக்கக் கூடாதாம்! பரீட்சைக்குப் பயந்தால் டீச்சரிடம் அழுங்கள். அவர் ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டார். ஒரு மோப்ப நாய் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பொய் மிரட்டலுக்காக அது பள்ளிக்கூடத்தில் அலையும்போது ரயில் நிலையத்தில் யார் பார்ப்பது?

அப்புறம், உங்கள் பையை நீங்களே மறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். பையின் உட்புறத்தில் பெயரும் அப்பா அல்லது அம்மாவின் போன் எண்ணும் எழுதி வையுங்கள். வெளியே வேண்டாம், உள்ளே போதும்.