வைத்தியரைக் காணுமுன் வரும் பயம்: ஓட்டிசமும் அக்குறணையும் நாமும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2 ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள் வருகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 இல் அறிவித்த நாள் அது. அன்றைக்கு அறிகுறிகளின் பட்டியல்கள் முகநூலில் ஓடும். நேரகாலத்தோடு வைத்தியரைக் காணுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும். அறிவுரை சரிதான். ஆனால் அதைக் கேட்ட பிறகும் பல குடும்பங்கள் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் தயங்கி நிற்கின்றன. அதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அவர்களைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் பயம். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததும் அல்ல.

கண்டியிலிருந்து மாத்தளைப் பக்கமாக ஏ9 வீதியில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் போனால் அக்குறணை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வியாபார நகரம். இதே வீதிதான் வன்னியைக் கடந்து யாழ்ப்பாணம் போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அக்குறணையில் ஓர் உம்மா படும் பாட்டுக்கும், கிளிநொச்சியில் ஓர் அம்மா படும் பாட்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பழி யார் மேல்?

முதல் பயம், பழி தன் மேல் விழும் என்பது. போன் கொடுத்துக் கெடுத்தாய், பிள்ளையோடு பேசவில்லை, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாய் என்று வீட்டிலேயே தொடங்கிவிடுவார்கள். அக்காவின் கலியாணப் பேச்சு குழம்பும் என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1943 இல் லியோ கானர் ஓட்டிசத்தை விவரித்த பின்னர், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் பல வருடங்கள் கோலோச்சியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூல் அதை இன்னும் பரப்பியது. பின்வந்த ஆய்வுகள் அதை முற்றாகத் தள்ளிவிட்டன. ஓட்டிசம் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. பரம்பரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தடுப்பூசியால் வருவதும் இல்லை. அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செற்’ சஞ்சிகை 2010 இல் மீளப்பெற்றுக்கொண்டது.

பதிவு என்றாலே நடுக்கம்

இரண்டாவது பயத்தைப் பற்றி வைத்தியர்கள் அதிகம் பேசுவதில்லை. அரசாங்கக் கோப்பு ஒன்றில் நம் பிள்ளையின் பெயர் ஏறப்போகிறதே என்ற பயம் அது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறை அக்குறணையையும் தொட்டது. 2020 மார்ச் இறுதியில் ஒருவருக்குக் கொவிட் தொற்று கண்டறியப்பட்டபோது ஊரே மூடப்பட்டது. அதன் பிறகு 2021 பெப்ரவரி வரை, கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. இவ்வளவும் பார்த்த ஒரு குடும்பம் வைத்தியசாலைப் படிவத்தைக் கண்டு தயங்கினால் அதை மூடத்தனம் என்று சொல்ல முடியாது.

மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வேறுபாடு ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஓட்டிச மதிப்பீடு பிள்ளையை எங்கும் ஒப்படைப்பதில்லை. சிகிச்சைக்கும், பாடசாலையில் உதவி கேட்பதற்கும் அது ஓர் ஆதாரம். அறிக்கையை யாருக்குக் காட்டுவது என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம்.

யுத்தம்தான் காரணமா?

வடக்கு கிழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளை பேசாவிட்டால் செல் சத்தத்தில் பயந்தது, இடப்பெயர்வில் அதிர்ந்தது என்று விளக்கம் சொல்லிவிடுவோம். யுத்தம் நம் சமூகத்தின் மனதை எவ்வளவு சிதைத்தது என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் காயம் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டால் வேறொன்று மறைந்துபோகும்.

பயத்தால் வாயடைத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு ‘முன்பு’ இருக்கும். முன்பு கலகலப்பாக இருந்தான், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாறிவிட்டான் என்று வீட்டார் சொல்வார்கள். ஓட்டிசத்தின் வேர் முதல் வருடங்களிலேயே தெரியும்: சுட்டிக்காட்டாமை, கண்ணோடு கண் பார்த்துப் பகிராமை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், சில ஒலிகளைத் தாங்க முடியாமை. சில பிள்ளைகள் பேசத் தொடங்கிய சில சொற்களையும் இரண்டாவது வயதளவில் இழந்துவிடுவதுண்டு. இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

2009 இல் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று இளைஞர்கள். ‘நான் ஏன் மற்றவர்கள் மாதிரி இல்லை’ என்று இப்போது தேடிப் படிப்பவர்களும் அவர்களுள் உண்டு. இவர்களின் பயம் வேறு: வைத்தியர் சிரித்துவிடுவாரோ, உனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவாரோ என்பது. பெண்களிடம் ஓட்டிசம் தவறவிடப்படுவது உலகெங்கும் அவதானிக்கப்பட்ட விடயம்.

அறைக்குள் என்ன நடக்கும்?

பயத்தைக் குறைக்க, நடப்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது உதவும். ஓட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. வைத்தியர் கேள்வி கேட்பார், பிள்ளை விளையாடுவதைப் பார்ப்பார், முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க அனுப்பக்கூடும். ஒரே நாளில் முடிவு கிடைக்காமலும் போகலாம்.

கிளினிக்கில் தந்த பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பிள்ளை நடந்துகொள்ளும் விதத்தைப் போனில் இரண்டு மூன்று வீடியோக்களாக எடுத்து வையுங்கள். கேட்க நினைப்பவற்றைத் தாளில் எழுதுங்கள்; பதற்றத்தில் பாதி மறந்துபோகும். பெரியவர்கள் சிறுவயதுச் சம்பவங்களை எழுதிக்கொண்டு போகலாம். முதல் படியாக, நாம் மிட்வைஃப் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசலாம். சிறப்பு ஊசி, அதிசய மருந்து என்று யாராவது பணம் கேட்டால் விலகுங்கள். ஓட்டிசத்தைக் ‘குணப்படுத்தும்’ மருந்து எதுவும் இல்லை. பேச்சு, விளையாட்டு, அன்றாடப் பழக்கம் ஆகியவற்றில் பொறுமையாகத் தரும் பயிற்சியே உதவுகிறது.

அரசு செய்ய வேண்டியது

பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவைக் கண்டது. வெளிநாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதில் பிடிபடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. கேட்கும் மொழியும் கேட்கும் விதமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அக்குறணைத் தாய் கண்டிக்கு வந்து, பஸ் மாறி, பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குப் போகலாம். போன பிறகு பேச்சுச் சிகிச்சை எந்த மொழியில்? தமிழில் பயிற்சி தரக்கூடிய சிகிச்சையாளர்கள் நாடு முழுவதும் பற்றாக்குறை. சிங்களத்தில் கற்ற சொல்லை வீட்டில் தமிழில் எப்படித் தொடர்வது? அரசியலமைப்பு தமிழை அரசகரும மொழி என்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை வைத்தியசாலை அறைக்குள்ளும் வர வேண்டும்.

தமிழ் மொழிமூலச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிப்பதும், மாவட்டந்தோறும் அவர்களை நியமிப்பதும், அதுவரை மொழிபெயர்ப்பாளரை வழங்குவதும் சுகாதார அமைச்சின் கடமை. வடக்கு, கிழக்கு, மலையகம், கண்டி முஸ்லிம் ஊர்கள் என்று தனித்தனியாக நின்று கேட்காமல், தமிழ் பேசும் பெற்றோர் அனைவரும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்று இது. அது கிடைக்கும்வரை வைத்தியரைக் காண்பதைத் தள்ளிப்போட வேண்டாம். பயத்தோடு போனாலும் பரவாயில்லை. நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.