தேதியில்லாத ரசீது!

"லேட்டஸ்ட் வெர்ஷன் போடு மச்சி, எல்லாம் சரியாயிடும்." இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. பி.காம் படிக்கிறவனுக்கு ப்ரோக்ராமிங்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. இது சுத்தமான கணக்குவழக்கு மேட்டர்.

காலேஜ் மலருக்கு வர்ற கவிதைகள்ல எழுத்து எண்ண, பைதான்ல ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதினேன். திண்டிவனத்துல என் வீட்டு கம்ப்யூட்டர்ல 'தமிழ்'னு கொடுத்தா 5. அதே ப்ரோக்ராம் நண்பனோட லேப்டாப்ல 15. ஒண்ணாங்கிளாஸ் பையனைக் கேட்டா 3!

சூனியம் எல்லாம் இல்லை. அவன்கிட்ட இருந்தது பைதான் 2.7. அது பைட்டுகளை எண்ணுது. என்கிட்ட இருந்த பைதான் 3, த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு யூனிகோடு குறிகளை எண்ணுது. குறிக்கு 3 பைட், ஆக 15. சரியான விடை வேணும்னா ஓப்பன்-தமிழ் மாதிரி ஒரு நூலகத்தைச் சேர்க்கணும். சேர்த்தேன்.

சண்டை இங்கதான். நம்மாளுங்க தேவைப்பட்டியல்ல நூலகத்தோட பேரை மட்டும் எழுதுறாங்க, வெர்ஷன் எண் கிடையாது. பில்லுல "அரிசி"ன்னு மட்டும் போட்டு, எத்தனை கிலோ, என்ன விலை, என்னிக்கு வாங்கினது எதுவுமில்லாம ஆடிட்டர்கிட்ட நீட்டிப் பாருங்க! பிப் ஃப்ரீஸ்னு ஒரு கட்டளை அடிச்சா, அந்த நூலகம் தன் பங்குக்கு இழுத்துட்டு வந்ததையும் சேர்த்து எண்ணோட பட்டியல் வந்துடும். அதுக்கு நேரம் இல்லையாம்.

"2.3.1-ல முதல் எண் மாறினாதான் பழசு உடையும்"னு சிலர் சமாதானம் சொல்வாங்க. அது எழுதினவர் வாய்வார்த்தை சார், புரோநோட்டு இல்லை.

"பூட்டியே வெச்சா பாதுகாப்பு ஓட்டையை எப்படி அடைக்கிறது?" நியாயமான கேள்விதான். 2021 டிசம்பர்ல லாக்4ஜேங்கிற ஜாவா நூலகத்துல பெரிய ஓட்டைன்னு உலகமே அலறிச்சு. அன்னிக்கு முதல் கேள்வியே "நம்மகிட்ட எந்த வெர்ஷன்?" பட்டியல் வெச்சிருந்தவன் பார்த்து மாத்தினான். இல்லாதவன் சர்வர் சர்வரா தேடினான்.

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. நாமளா முடிவு பண்ணி, சோதிச்சுப் பார்த்து, புது எண்ணைக் குறிச்சு வெச்சு மாத்துங்க. நமக்குத் தெரியாம மாறினா அதுக்குப் பேர் அப்டேட் இல்லை, கையாடல்.

பி.கு: "லேட்டஸ்ட் போடு"ன்னு சொன்னவனும், 2.7 வெச்சிருந்தவனும் ஒரே ஆள்தான். பைதான் 2-க்கு 2020 ஜனவரி 1-லயே மூடுவிழா நடந்தாச்சுன்னு யாராவது அவனுக்குச் சொல்லுங்கப்பா :-)