துன்பம் மனிதனை வளர்க்குமா?

துக்க வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "புடம் போட்டால்தான் பொன்னுக்கு மாற்று ஏறும். இதுவும் நன்மைக்கே!" சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழும்?

இந்த ஆறுதலை மனோதத்துவ நிபுணர்களே ஆதரிப்பதாக இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை.

அமெரிக்காவில் சார்லட் நகரிலுள்ள வட கரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹவுன். பெருந்துயரில் அடிபட்டவர்களின் மன வளர்ச்சியை அளக்க, 1996-ல் 21 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை இவர்கள் வெளியிட்டார்கள். மனிதர்களோடு நெருக்கம், புதிய வழிகள், மனோதிடம், தெய்வ சிந்தனை, வாழ்வின் அருமையை உணர்தல் ஆகிய ஐந்து துறைகளில் அது மாறுதலை அளக்கிறது. முன்னைவிட மேலானோம் என்று பலர் பதில் எழுதினார்கள்.

ஆனால் துன்பமே மனிதனை உயர்த்துகிறது என்று இவ்விருவரும் சொல்லவில்லை. துன்பத்தோடு அவன் நடத்தும் போராட்டத்தில்தான் வளர்ச்சி பிறக்கிறது என்றார்கள். வளர்ச்சியும் வேதனையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். இதை எடுத்துக்காட்டிப் பேசுவோர் அந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்!

இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டியல் நம்புவது மனிதனின் ஞாபகத்தை. துயருக்கு முன் நாம் எப்படி இருந்தோம் என்று யாரால் சரியாகச் சொல்ல முடியும்? பாட்ரிஷியா ஃபிரேசியரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்களின் மனநிலையை முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து மீண்டும் அளந்தார்கள். இடையில் 122 பேருக்குப் பெரும் இடி விழுந்திருந்தது. "வளர்ந்தேன்" என்று அவர்கள் சொன்னதற்கும், அளவில் தெரிந்த மாறுதலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அப்படி அதிகமாகச் சொன்னவர்களிடம் மனவேதனையும் கூடியிருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் நினைக்கவில்லை. தத்தளிக்கிறவன் கைக்கு அகப்பட்ட கட்டையைப் பிடிப்பது இயற்கை.

ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. வெள்ளமும் பூகம்பமும் சொல்லிவிட்டு வருவதில்லையாதலால், முன்கூட்டியே அளந்து வைப்பதுதான் கஷ்டம்.

அதுவரை நிவாரண முகாம்களுக்குப் போகும் தொண்டர்கள், "இதிலிருந்து என்ன கற்றீர்கள்?" என்று கேட்க அவசரப்பட வேண்டாம். சாப்பிட்டார்களா, தூங்கினார்களா, பிழைப்புக்கு வழி இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். தேறாதவரைக் கோழை என்று ஏசும் உரிமையை எந்த ஆராய்ச்சியும் யாருக்கும் கொடுக்கவில்லை.