கைம்பெண்ணும் பூனையும்

நம்மவர் வீட்டை விட்டு வெளிக்கிளம்பும்போது எதிரே வரக்கூடாதவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றனர். அதில் முதலிடம் கணவனை இழந்த பெண்ணுக்கு; அடுத்த இடம் பூனைக்கு. கற்றவர், கல்லாதவர், தோட்டத்து லயத்தில் வசிப்பவர், பட்டணத்து அடுக்குமாடியில் மின்தூக்கி ஏறுபவர் என்னும் பேதம் இவ்விஷயத்தில் இல்லை. கையில் கைப்பேசியும் மனத்தில் சகுனமுமாக உலவும் இக்கூட்டத்தாருக்கு, அவ்விரண்டு ‘அபசகுனங்களும்’ ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து வாழ்ந்தால் எப்படி இருக்கும்? சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள மார்சிலிங்கில், ஒரு வீவக வீட்டில் அவை அவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன, தோழர்களே! அதைக் குறித்து உறவினர் பேசும் பேச்சே இக்கட்டுரையை எழுதும்படி எம்மைத் தூண்டியது.

கடற்பாலத்துக்கு அப்பால், ஜொகூர்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை பார்க்கும் எமக்கு அவ்வம்மையார் பெரியம்மா முறையாவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லறம் நடத்திய கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் அயல்நாட்டில் பிழைக்கிறான். அதிகாலை வேலைக்குச் செல்லும் கணவருக்காக ஐந்தரை மணிக்கு எழுந்து காப்பி கலக்கிப் பழகிய கைகளுக்கு, அவர் போன பின்னர் வேலை இல்லை. தூக்கம் மட்டும் அதே ஐந்தரைக்குக் கலைந்தது. ஒருத்திக்காக யார் அடுப்பு மூட்டுவது என்று பல நாள் ரொட்டியும் தேநீருமே உணவாயின.

சென்ற ஆண்டு, பழகிய குடும்பம் ஒன்று வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது தாங்கள் வளர்த்த ‘சிங்கப்பூரா’ இனப் பூனையை அவரிடம் ஒப்படைத்தது. இது பூனை இனங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. வளர்ந்த பெண் பூனை இரண்டு கிலோ அளவே இருக்கும். பழைய தந்தத்தின் நிறம். அதன்மேல் ஒவ்வொரு மயிரிலும் பழுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும். முகத்துக்கு மிஞ்சிய கண்கள்; தலைக்கு மிஞ்சிய காதுகள். மெல்லிய குரல். வீட்டிலுள்ளவர் எந்த அறைக்குச் சென்றாலும் பின்தொடர்ந்து சென்று, என்ன செய்கிறார் என்று பார்ப்பது அதன் சுபாவம். இன்று ஐந்தரை மணிக்கு அது கட்டிலருகே காத்திருக்கிறது. பெரியம்மா எழுகிறார். சந்தைக்குப் போய் மீன் வாங்குகிறார். உப்பிடாமல் அவித்த ஒரு துண்டு பூனைக்கு, மீதி தமக்குக் குழம்பு. பகலில் அவர் ஏதாவது பேசினால் திரும்பிப் பார்க்க வீட்டில் ஓர் உயிர் இருக்கிறது. இதற்கு மேல் அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் துக்கத்தில் கிடந்தவருக்கு இதுவே பெரிது என்பதைத் துக்கம் அறிந்தவர் அறிவர்.

உறவினரோ பொறுக்கவில்லை. அதே புளோக்கில் வசிக்கும் நாத்தனார் தம் மகள் திருமணத்துக்கு அழைக்க வந்தபோது சொன்னாராம்: “அண்ணி, தாலி ஏறின பிறகு வந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும் நேரம்; அந்தப் பூனையையும் கொஞ்சம் உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.” ஒரே மூச்சில் இருவருக்கும் தடையுத்தரவு! இவ்வுத்தரவுக்கு அவர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்காரணம் சகுனம். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்கின்றனர். பூனை எலியைத் தேடிப் போகிறது. இவர் அலுவலகத்தைத் தேடிப் போகிறார். அதன் பாதையும் இவர் பாதையும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டதற்கு இவருடைய சம்பள உயர்வு என்ன செய்யும்? எம் தோட்டத்து நடப்பு ஒன்றைச் சொல்லுகிறோம். ஆந்தை அலறினால் சாவு வரும் என்பது நம்மவரின் மற்றொரு சித்தாந்தம். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலோ, எலிகள் பழக்குலைகளைத் தின்று அழிப்பதால், அவற்றை ஒழிக்கக் கூகை ஆந்தைகளுக்குப் பெட்டிகள் அமைத்துக் கொடுத்துப் பல பத்தாண்டுகளாகக் குடியேற்றி வருகிறார்கள். பெட்டிகளில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று கணக்கெழுதுவது எம்போன்ற கிராணிகளின் வேலை. அந்த ஆந்தைகளால் எவர் வீட்டிலும் இழவு விழுந்ததாக எம் கணக்கில் பதிவில்லை. எலி குறைந்ததே பதிவாகியிருக்கிறது. இலாபம் என்றால் ஆந்தைக்குச் சகுனம் தள்ளுபடி; கைம்பெண்ணின் ஆறுதல் என்றால் பூனைக்குச் சகுனம் கட்டாயம்! இஃது என்ன நியாயம்? கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். இராமாயணத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்போர் அப்பூனைக்கு அஞ்சிப் புத்தகத்தை மூடிவிட்டதாகவும் நாம் கேள்விப்படவில்லை.

பெண்ணின்மேல் சுமத்தும் சகுனமோ இதனினும் கொடியது. தொல்காப்பியம் மனைவியை இழந்தவன் நிலையைத் ‘தபுதார நிலை’ என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் ‘தாபத நிலை’ என்றும் பெயரிட்டு அடுத்தடுத்து வைக்கிறது. மனைவி எரியில் மறைந்த பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நொந்து சேரமான் மாக்கோதை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதற்கு அடுத்த பாட்டிலேயே பூதப்பாண்டியன் தேவி, கைம்மை நோன்பு நோற்போர் உண்ணும் சுவையற்ற உணவையும் பாயின்றிப் படுக்கும் கற்படுக்கையையும் சொல்லித் தீப்புகத் துணிகிறாள். துயரம் இருவருக்கும் ஒன்றே. கற்படுக்கை மட்டும் ஒருத்திக்கு! பழமை என்று சொல்லி இதனைக் காப்பாற்ற வருவோர், இப்பாட்டில் அப்பெண் எதை விட எதை மேலென்று தேர்ந்தாள் என்பதை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். இன்றும் மனைவியை இழந்த ஆடவர் கூண்டில் பறவை வளர்த்தால், “பாவம், பொழுது போக வேண்டாமா?” என்கிறோம். பெண் பூனை வளர்த்தால் மட்டும் புருவத்தை நெரிக்கிறோம்.

இரண்டாவது காரணம், ‘இது சட்டத்துக்கு விரோதம், சுத்தக்குறைவு’ என்பது. ஒரு காலத்தில் இதற்கு ஆதாரம் இருந்தது. 1989-ம் ஆண்டு முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை நிலவியது. மயிர் உதிரும், கத்தும், அடைத்து வைத்தல் அரிது என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது. வேடிக்கை யாதெனில், தடை வந்த இரண்டே ஆண்டில், 1991-ல், சுற்றுலாத் துறையார் இதே சிங்கப்பூராப் பூனையை நாட்டின் சின்னமாக்கினர். பூனை, காதல் என்னும் பொருளுடைய இரு மலாய்ச் சொற்களைக் கோத்து ‘குச்சிந்தா’ என்று பெயரும் சூட்டினர். கேவனா பாலத்தருகே வெண்கலப் பூனைகள் ஆற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, உயிருள்ள பூனைகள் அடுக்குமாடிகளில் ஒளிந்து வாழ்ந்தன! 2012-ல் சோங் பாங் வட்டாரத்தில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. இறுதியில் 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க இடம் கிடைத்தது. உரிமம் பெற வேண்டும். தோலடியில் அடையாளச் சில்லு பதிக்க வேண்டும். பெரியம்மா இவ்விரண்டையும் செய்திருக்கிறார். சன்னல்களுக்கு வலையும் அடித்திருக்கிறார். ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம் என்பது பழமொழி. அரசாங்கம் முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் திறந்த கதவை நாத்தனார் சாத்துவானேன்?

மூன்றாவது காரணத்தைச் சற்று நாகரிகமானவர் கூறுவர். “சாக்கடைப் பூனையாயிருந்தால் ஆட்சேபிப்போம், நல்ல ஜாதிப் பூனையாமே, போகட்டும்” என்பது அவர்கள் தயை. இத்தயையையும் நாம் ஏற்பதற்கில்லை. அந்த ‘நல்ல ஜாதியின்’ வரலாற்றைக் கேளுங்கள். அமெரிக்கரான ஹால் மெடோ, டாமி மெடோ தம்பதியர் 1975-ல் மூன்று பூனைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, இவை சிங்கப்பூர்த் தெருப்பூனைகள் என்றனர். அவற்றின் வழியில் இவ்வினம் பெருகிப் பதிவும் பெற்றது. 1987-ல் ஜெரி மேயஸ் என்னும் அமெரிக்கப் பூனை வளர்ப்பாளர் சிங்கப்பூர்ப் பத்திரங்களைப் புரட்டியபோது, அதே பூனைகள் 1974-ல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்திறங்கிய பதிவு கிடைத்தது. அமெரிக்கப் பூனை வளர்ப்போர் சங்கம் விசாரித்தது. குற்றம் ஒன்றும் காணவில்லை என்று கூறி இனத்தின் தகுதியை நிலைநிறுத்தியது. பிற்கால மரபணு ஆய்வுகளோ, இவ்வினத்துக்கும் பர்மியப் பூனை இனத்துக்கும் வேற்றுமை மிகச் சிறிதே என்று காட்டின. இதுதான் குலப்பெருமையின் கதை! ஏட்டில் எழுதிய வம்சாவளி எத்தன்மையது என்பதைப் பூனைகளிடத்திலும் கண்டுகொண்டோம். மனிதரிடத்தில் அதைக் காண நம்மவர்க்கு இன்னும் மனம் வரவில்லை. பெரியம்மாவின் மடியில் உறங்கும் பூனைக்குத் தன் பாட்டன் எவன் என்பது தெரியாது. அவருக்கும் தெரிய வேண்டியதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் குட்டைவால் பூனை அவர் வீட்டுக்கு வந்திருந்தாலும், அதுவும் ஐந்தரை மணிக்குக் கட்டிலருகே வந்து காத்திருக்கக் கூடியதே.

கடைசிக் காரணம் மிக்க உருக்கமானது. “மனிதர் நாங்கள் இல்லையா? பூனையோடு பேசும் கதிக்கு வரவேண்டுமா?” என்கின்றனர். நல்ல கேள்வி. இதனைக் கேட்போர் கருமாதிக்குப் பின்னர் எத்தனை முறை அவ்வீட்டுக் கதவைத் தட்டினர்? பதினாறாம் நாள் விருந்தில் இலை போதவில்லை. பதினேழாம் நாள் முதல் ஒரே இலை. மனிதர் வராத இடத்துக்குப் பூனை வந்தது. அது மனிதரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை; காலியாய்க் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பூனை இருப்பதனால் உறவினர் வருவதை யாரும் தடுக்கவில்லை. உண்மையான அக்கறை உள்ளவர், பெரியம்மாவுக்கு உடல்நலம் குன்றினால் பூனைக்கு யார் சோறு வைப்பது, அதை மருத்துவரிடம் யார் கொண்டு போவது என்று கேட்டு, அப்பொறுப்பில் ஒரு பங்கை ஏற்கட்டும். அப்போது “நாங்கள் இல்லையா?” என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கைம்பெண்ணுக்குப் பூனை போதும் என்பது நம் கட்சியன்று. மறுமணம் வேண்டுவோர் மறுமணம் செய்துகொள்ளட்டும். இந்தியாவில் அதற்குச் சட்டம் பிறந்தது 1856-ல். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது 1932-ல். இவ்வளவுக்குப் பின்னரும், ஒரு பெண் தன் வீட்டுக்குள் ஒரு பூனையை வைத்துக்கொள்ளும் உரிமைக்காக வாதாட வேண்டியிருக்கிறது என்றால், நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்? பூனையையே பொறாதவர் மறுமணத்தைப் பொறுப்பாரா? இரண்டிலும் அவர் பொறாதது ஒன்றுதான்: கணவனை இழந்த பெண் பின்னும் ஒரு மகிழ்ச்சியைத் தானே தேடிக்கொள்வது!

ஆகவே, திருமணப் பத்திரிகை நீட்டும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டு மணவறைக்கு முன் முதல் வரிசையில் அப்பெண்ணை அழைத்து உட்கார வையுங்கள். மூன்றாவது முடிச்சு விழும்போது அவர் கையாலும் அட்சதை விழட்டும். திருமண வீட்டுக்கு வெளியே பூனை குறுக்கே போனால், அதன் வேலையை அது பார்க்கிறது என்று வழிவிட்டு நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளின் வாழ்வு கெட்டுப்போவது பூனையாலா, வரதட்சணையாலா, குடியாலா என்பதை அதன் பின்னர் ஆற அமர யோசித்துப் பாருங்கள்.