படிச்சாச்சு என்கிற நினைப்பு

மனப்பாடம் என்றாலே நம்ம பசங்களுக்கு ஒரு இளக்காரம். "கான்செப்ட் புரிஞ்சா போதும் மச்சி, உருப்போடுறதெல்லாம் ஸ்கூலோட போச்சு." சரி. ஆனால் செமஸ்டருக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் என்ன நடக்குது? அதே பிடிஎஃப், அதே மஞ்சள் ஹைலைட், நாலாவது தடவை. இது மனப்பாடமும் இல்லை, புரிதலும் இல்லை. தெரிஞ்ச முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிற மாதிரி.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 40, 61. அப்படியே தலைகீழ். எனக்குப் பயமாக இருப்பது அது இல்லை. "ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்னாடியே கேட்டபோது ரொம்ப நம்பிக்கையாக இருந்தது அந்த நான்கு சுற்றுக் கூட்டம்தான்.

அதாவது, நமக்கு என்ன தெரியும் என்று அளக்கிற மீட்டரே கேலிபரேட் ஆகவில்லை. கண்ணில் சுலபமாக ஓடினால் "தெரியும்" என்று காட்டிவிடும்.

சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நடக்கும்போது, பக்தி இருக்கோ இல்லையோ, ஒரு இன்ஜினியராக ஒரு தடவை போய்க் கேளுங்கள். அந்தப் பாசுரங்களைக் கற்கிற முறைக்குப் பெயர் சந்தை. குரு ஒரு முறை சொல்வார், மாணவன் இரண்டு முறை திருப்பிச் சொல்லணும். தப்பினால் அங்கேயே, எல்லார் காதிலும் விழும். "படிச்சுட்டேன்" என்று ஏமாத்த வழியே இல்லை. திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் அந்தாதி வேறு: ஒன்று முடிகிற சொல்லில் அடுத்தது ஆரம்பிக்கும். ஞாபகத்துக்கு ஒரு கொக்கி.

வேத பண்டிதர்கள் 21 பேரின் மூளையை ஸ்கேன் செய்து ஜேம்ஸ் ஹார்ட்செல் குழு 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மற்றவர்களைவிட அவர்களின் வலது ஹிப்போகேம்பஸில் சாம்பல் திசு அதிகம் என்று வந்தது. உடனே "மந்திரம் மூளையை வளர்க்கும்" என்று ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. காரணம் மந்திரமா, வருடக்கணக்கான பயிற்சியா, இல்லை அந்த மாதிரி ஆட்கள்தான் கடைசிவரை தேறினார்களா என்பதை ஸ்கேன் சொல்லாது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம், போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி. நோட்டை மூடி. மார்க் கிடையாது. "இருக்கிற டெஸ்ட் போதாதா?" என்பீர்கள். அவை நம்மைப் பற்றி வாத்தியாருக்குச் சொல்கிற டெஸ்ட். மார்க் இருந்தால் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்ப்போம். நமக்கு எது தெரியாது என்பது நமக்கே தெரியாமல் போகும். பிறகு அது தெரியவருவது பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில், ஒயிட்போர்டு மார்க்கரைக் கையில் கொடுத்த பிறகு.

டிபார்ட்மென்ட் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னிக்கு ராத்திரி மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவனின் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிட்டு, தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதியைக் கேளுங்கள். அடுத்த கேள்வியை அவன் உங்களைக் கேட்கட்டும்.