பெட்டிக்குள் உறங்கும் பண்டிகை!



தீபாவளி முடிந்துவிட்டால் நம் கூலிம் வட்டாரத்து வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். வாசலில் தொங்கிய நெகிழித் தோரணம், தரையில் ஒட்டிய கோலம், துணிச் சாமந்தி மாலை, மின்விளக்குச் சரம் ஆகிய எல்லாம் கழற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும். பொங்கலுக்கு அவையே மீண்டும் வெளியே வரும். "இவற்றைக் கெடாமல் எப்படி எடுத்து வைப்பது?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நான் கேட்பது வேறு. இவற்றுள் எதை எடுத்து வைக்க வேண்டும்? எதை எடுத்து வைக்கவே கூடாது?

தோட்டப்புற வாழ்வில் பண்டிகை அலங்காரத்திற்குப் பெட்டி தேவைப்படவில்லை. குருத்தோலைத் தோரணமும் மாவிலையும் காய்ந்து சருகாகி மண்ணுக்கு எருவாயின. அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவாயிற்று. அடுத்த ஆண்டுக்காகச் சேமிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது கைப்பழக்கம்! ஓலையை எங்கே கீறுவது, எப்படி மடிப்பது என்பதைச் சிறுவர்கள் பெரியவர்களின் பக்கத்தில் அமர்ந்து கற்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். வாழ்வு உயர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால், கூடி அமர்ந்து தோரணம் பின்னிய கைகள் பிரிந்து போயின. அந்த வெற்றிடத்தை நெகிழி நிரப்பிவிட்டது.

அண்டை வீட்டைப் பாருங்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் அதே தென்னங்குருத்தில் கெத்துப்பாட் பின்னுகிறார்கள். நெகிழிப் பையில் வரும் அரிசிக் கட்டி கடையில் கிடைத்தும், பின்னத் தெரிந்தவர்கள் அதைக் கைவிட்டுவிடவில்லை. சீனர்கள் பெருநாள்தோறும் வாசலில் புதிய சிவப்புத் தாள் ஒட்டுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்வதே பண்டிகை என்பதை அவர்கள் மறக்கவில்லை. நாம் மட்டும் ஏன் மறந்தோம்?

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். இடுக்குப் புள்ளி 7 தொடங்கி இருபுறமும் 4 வரை வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? 37. தரையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு இது விளையாட்டு. ஒட்டுக்கோலம் பார்த்த பிள்ளைக்கு இது ஒரு கணக்கு வினா, அவ்வளவே. 1974இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அறிஞர்கள் ஆராய்ந்த ஒன்றை நாம் தாளை உரித்து ஒட்டிவிட்டுப் பசை போனதும் குப்பையில் எறிகிறோம்!

"இருவரும் வேலைக்குப் போகிறோம், இரவுப் பணி வேறு, நேரம் ஏது?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். வாசல் முழுவதும் கோலமிடச் சொல்லவில்லை. ஐந்துக்கு ஐந்து புள்ளி போதும். தென்னை இல்லையெனில் மாவிலை போதும்; அதுவும் இல்லையெனில் தாளில் செய்த தோரணம் போதும். பிள்ளையின் கை அதில் பட்டிருக்க வேண்டும், அதுவே நிபந்தனை.

அப்படியானால் வீட்டிலுள்ள நெகிழிப் பொருள்களைத் தூக்கி எறிவதா? வேண்டா! வாங்கியதை நைந்து போகும்வரை பயன்படுத்துங்கள், புதிதாக வாங்காதீர்கள். போகி என்று சொல்லி அவற்றைக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

எடுத்து வைக்கத் தக்கவை இவை:

1. பித்தளை விளக்கு: புளியிட்டுத் துலக்கி, ஈரம் போகக் காயவைத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். நெகிழிப் பையில் கட்டினால் ஈரம் தங்கிக் கறுக்கும்.

2. அகல் விளக்கு: எண்ணெய் துடைத்து வீட்டுக்குள் கவிழ்த்து வையுங்கள். தீபாவளி மழைக் காலத்தில் வருகிறது. புழக்கடையில் நிமிர்ந்து கிடக்கும் அகலில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

3. மின்விளக்குச் சரம்: அட்டையில் சுற்றுங்கள், மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் அது கசிந்து சரத்தையே கெடுக்கும்.

4. கோல மாவு: நம் ஊர் ஈரக்காற்றில் கட்டிபடும். இறுக மூடும் புட்டியில் வையுங்கள்.

5. கோல நோட்டு: அம்மாவோ பாட்டியோ புள்ளியிட்டு வரைந்த பழைய நோட்டு வீட்டில் இருந்தால், அதுவே விலை மதிப்பற்றது. கரையான் அரிக்கும் முன் படம் பிடியுங்கள். பின்பு பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பள்ளிப் பொங்கல் விழாவுக்குப் பண்டகச் சாலையிலிருந்து நெகிழித் தோரணத்தை எடுத்து மாணவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்வது பண்பாட்டுக் கல்வி ஆகாது. அது வெறும் ஏவல் வேலை! காட்சிக் கலைக் கல்வியின் இரண்டு பாட வேளைகளை ஓலை பின்னுவதற்கு ஒதுக்குங்கள். பின்னத் தெரிந்த ஒரு தாத்தாவையோ பாட்டியையோ வகுப்புக்கு அழையுங்கள். பாடாங் செராயிலும் லூனாசிலும் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். நாளை இருப்பார்களா?

நெகிழித் தோரணம் பெட்டிக்குள் பத்தாண்டு கிடந்தாலும் கடையில் மீண்டும் கிடைக்கும். கைப்பழக்கம் ஒரு தலைமுறை உறங்கினால் எந்தக் கடையிலும் கிடைக்காது. வரும் பொங்கலுக்கு உங்கள் வாசலில் பிள்ளையின் கைவண்ணம் ஒன்றாவது இருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!